கண் திறக்காத முகம்

பையை மேல வைக்க வேணாம் சார், மடியிலேயே இருக்கட்டும். உள்ள சாமி இருக்குது. ரெண்டு இருக்குது. ஒண்ணு சாமி. இன்னொண்ணு சாமியா ஆகவேண்டியது, ஆகாமப் போச்சு. நீங்க கொஞ்சம் ஜன்னல் பக்கம் ஒதுங்கினீங்கன்னா எனக்குத் தோதா இருக்கும். ஆங், போதும் போதும்.

திருவண்ணாமலைக்கா? நான் அதுக்கு முன்னாடியே இறங்கிடுவேன். மூங்கில்துறைப்பட்டு தாண்டி ஒரு பிரிவு ரோடு வரும், அங்க. என் மாமியா ஊரு. விருந்துக்குப் போறேன்னு நெனைச்சுக்காதீங்க. என் பொண்டாட்டி விசயமா இன்னைக்கு நாலு பெரிய மனுசங்க அங்க உக்கார்றாங்க. சேந்து வாழறதா, அத்து வுடறதான்னு இன்னைக்கு முடிவாயிடும். முடிவென்ன முடிவு, என்கிட்ட அத்தாட்சி இருக்குது. இந்தப் பையில இருக்குது. எடுத்து நடுவுல வச்சேன்னா எவனும் வாயத் தொறக்க மாட்டான்.

என் பேரு விருத்தகிரி. ஆசாரி. மரத்துல சாமி செதுக்கறது தொழில். நிலைக்கு மேல வைக்கிற லட்சுமி, குதிரை வாகனம், தேருக்குப் பொம்மை, மாரியம்மன், திரௌபதியம்மன், எல்லாம் செய்வேன். கள்ளக்குறிச்சி சுத்துவட்டாரத்துல எந்தக் கோயில்ல வேணாலும் போய்க் கேளுங்க. எதுக்குச் சொல்றேன்னா, நான் தெருவுல போறவன் இல்ல. ஒரு முகத்தப் பாத்தா அது யாரு கை, யாரு சாயல்னு எனக்குத் தெரியும். அதுல என்னை ஏமாத்த முடியாது.

எங்க பட்டறையில ஒரு முறை உண்டு சார். ஒரு செலையில கை கால், நகை நட்டு, பீடம், பின்னாடி பிரபை, இதெல்லாம் யாரு வேணா கொத்தலாம். முகம் மட்டும் மூத்தவன்தான் வைக்கணும். எங்கப்பா கையில தெம்பு இருந்தவரைக்கும் அவரு வச்சாரு, அப்புறம் நான். முகம் வச்சிட்டாலும் அது சாமி ஆயிடாது. கண்ணை மூடின மாதிரி வழவழன்னு விட்டுடுவோம். கோயிலுக்குக் கொண்டுபோயி, நல்ல நேரம் பாத்து, திரையைக் கட்டி, மூத்தவன் தங்க ஊசியால கண்ணுமணியைக் கீறினாத்தான் சாமி. அதுவரைக்கும் அது மரம். இதை நல்லா ஞாபகம் வச்சுக்கங்க. சாமி கழுத்தை அறுத்தவன்னு ஊருக்குள்ள என்னைப் பேசிக்கிறாங்க. அப்ப கண்ணு தொறக்கல சார். மரம்.

எதையோ சொல்லவந்து எங்கயோ போறேன். முகம். ஆங்.

கல்யாணத்துக்கு முன்னாடி நான் வைக்கிற முகத்தப் பத்தி ஒரு பேச்சு இருந்துச்சு. "விருத்தகிரி வேலை சுத்தம், ஆனா அவன் செய்யற அம்மனெல்லாம் ஆம்பளை கணக்கா முறைக்குது"ம்பாங்க. எங்கப்பாவே சொல்லியிருக்காரு. கல்யாணமான அந்த வருசம் பாருங்க, கை தானா கனிஞ்சுடுச்சு. எலவனாசூர் பக்கம் ஒரு மாரியம்மன் செஞ்சு குடுத்தேன். அந்த ஊரு பொம்பளைங்க, "அம்மா நம்மகிட்ட ஏதோ சொல்லறதுக்கு வாயெடுத்த மாதிரியே இருக்கா"ன்னு சொல்லிச் சொல்லி அழுதாங்களாம். அதுலேருந்து என் அம்மன்னா தனிக் கிராக்கி. காரணம் என்னன்னா, அந்த வருசந்தான் சேலத்துக்குப் போயி ஒரு செட்டு உளி வாங்கினேன். உளி அமையணும் சார். உளி அமைஞ்சா எல்லாம் அமைஞ்சுது.

பொண்டாட்டி பேரு வேதவல்லி. குத்தம் சொல்லக்கூடாது, வந்தப்ப நல்லாத்தான் இருந்தா. குழந்தை பொறக்கல, அதுக்கு யாரு என்ன பண்றது. கஞ்சி எடுத்துக்கிட்டுப் பட்டறைக்கு வருவா. வந்தா போகமாட்டா. மரச்சீவல் மேல காலை நீட்டி உக்காந்துக்கிட்டு கீரை ஆய்வா, அரிசியில கல்லு பொறுக்குவா. "ஏன்டி இங்கயே உக்காந்திருக்கே"ன்னா, "வீட்டுல ஒண்டியா சுவத்தையா பாக்கச் சொல்றீங்க"ம்பா. உக்காந்துட்டுப் போகட்டும்னு விட்டுடுவேன். நான் தலை நிமிரவே மாட்டேன் சார். உளியைக் கையில வச்சுக்கிட்டு பொம்பளை மூஞ்சியப் பாக்கறவன் தொழில்காரன் இல்ல. இது எங்கப்பா எனக்குச் சொன்னது, நான் என் தம்பிக்குச் சொன்னது.

கல்யாணமான புதுசுல அவளுக்குன்னு ஒரு காமாட்சி செஞ்சு குடுத்தேன். ஒரு சாண் உசரந்தான். அத்தி மரத்துல மிஞ்சின துண்டு, வீணாக்குவானேன்னு செஞ்சது. மாடத்துல வச்சுப் பூ வைடின்னா, மாட்டேங்கறா. "எனக்குக் கூச்சமா இருக்குது"ங்கறா. சாமிக்குப் பூ வைக்க என்னடி கூச்சம்னு வஞ்சேன். அப்புறம் வச்சா. தினமும் மஞ்சளைக் குழைச்சுப் பூசறதும், குங்குமத்தை அப்பறதும், வருசக்கணக்கா அப்பி அப்பி அந்த முகமே வெளிய தெரியாமப் பண்ணிட்டா. பக்தின்னு நெனைச்சேன்.

தம்பி பேரு தனகோட்டி. எங்கம்மா அவனைப் பெத்துப் போட்டுட்டுக் கொஞ்ச காலத்துல போயிட்டாங்க. இவ வாக்கப்பட்டு வந்தப்ப அவன் மூக்கொழுகிக்கிட்டு நின்னான். இவதான் சோறூட்டினா, தலை வாரினா, காய்ச்சல்னா ராத்திரியெல்லாம் முழிச்சா. அண்ணி அண்ணின்னு முந்தானையப் புடிச்சுக்கிட்டே வளந்தான். நானும் வெகுளியா, தாயில்லாப் புள்ளைக்கு ஒரு தாயி கெடைச்சான்னு சந்தோசப்பட்டேன். பாம்புக்குப் பால் வாத்திருக்கோம்னு அப்ப எனக்குத் தெரியுமா?

அவனுக்குத் தொழிலு நான் சொல்லிக்குடுத்தேன். எங்க வழியில முகத்தைக் கண்ணால பழகக்கூடாது, விரலால பழகணும். கண்ணை மூடிக்கிட்டு மூத்தவன் வச்ச முகத்தை நெத்தியிலேருந்து தாடை வரைக்கும் தடவணும். எங்க மேடு, எங்க பள்ளம், எங்க சரியுதுன்னு விரலு மனப்பாடம் பண்ணணும். அவன் நான் வச்ச முகத்தையே தடவித் தடவி வளந்தான். ஒரு கட்டத்துல என் வேலை எது அவன் வேலை எதுன்னு மர வியாபாரிக்கே தெரியாது. ஆனா ஒண்ணு. சொந்தமா ஒரு கோடு போடத் தெரியாது அவனுக்கு. ஒரு பொட்டு, ஒரு சுழி கூடத் தானா வராது. எல்லாம் என் கை. இதை நான் பெருமைக்குச் சொல்லல, உள்ளதைச் சொல்றேன்.

கொய்யாப்பழம் வேணுங்களா? சங்கராபுரம் கொய்யா நல்லாயிருக்கும். வேணாமா? சரி, எனக்கும் ஒண்ணும் இறங்காது.

போன வருசம் ஒரு ஊர்லேருந்து திரௌபதியம்மன் செய்யணும்னு வந்தாங்க. ஊரு பேரு வேணாம், அவங்க பாவம். பழைய அம்மனைக் கரையான் தின்னுடுச்சு. சித்திரையில தீமிதி, அதுக்குள்ள வேணும்னாங்க. நல்ல அத்தியாப் பாத்து வாங்கி நிழல்ல காயவச்சு, பூசை போட்டு, உடம்பெல்லாம் கொத்தி முடிச்சாச்சு. முகம் வைக்கிற நேரத்துல எனக்குக் கண்ணுல புரை முத்திப்போச்சு. அதுக்கு முன்னாடியே நாலஞ்சு வருசமா மங்கல்தான். பழக்கத்துல விரலாலேயே ஓட்டிக்கிட்டு இருந்தேன். இந்தத் தடவை உளி முனையே தெரியல. ஆசுபத்திரியில ஆபரேசன் பண்ணிட்டு, மரத்தூள் பக்கமே போகக்கூடாதுன்னுட்டாங்க. தீமிதிக்கு நாள் குறிச்சாச்சு, தள்ள முடியாது. சரி, தம்பியையே முகம் வைக்கச் சொன்னேன். முறையில்லாத வேலைதான். வேற வழியில்லாமச் சொன்னேன்.

கண்ணுக் கட்டைப் பிரிச்சு, பார்வை தெளிஞ்சு, முதல்முதலா பட்டறைக்குப் போறேன். கோயில் தர்மகர்த்தாவும் அன்னைக்குப் பாக்க வந்திருந்தாரு. வயசானவரு, வெள்ளந்தி. தம்பி அம்மன் மேல போத்தியிருந்த துணியை எடுத்தான். அவரு கையெடுத்துக் கும்பிட்டாரு. கும்பிட்டுட்டு, அந்தப் பக்கம் மோர் கொண்டாந்த இவளைப் பாத்தாரு. மறுபடியும் அம்மனைப் பாத்தாரு. "ஆசாரி, அம்மா முகம் நம்ம வீட்டம்மா சாயலா இருக்குதே, மகாலட்சுமி"ன்னுட்டுச் சிரிச்சாரு.

நான் பாத்தேன். ஆபரேசன் பண்ணின கண்ணு சார், பளிச்சுனு தெரியுது. அவளேதான்! மேலுதடு லேசா தூக்கி, ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி. வலது புருவம் ஒரு நெல்லளவு ஏறியிருக்கும் அவளுக்கு, அது இருக்குது. இடது கன்னத்துல மட்டும் ஒரு குழி விழும், சிரிக்கும்போது இல்ல, பேச ஆரம்பிக்கிறப்போ. அது இருக்குது. கீழுதட்டுக்கும் தாடைக்கும் நடுவுல ஒரு சின்னப் பள்ளம், பக்கத்துல படுத்திருக்கிறவனுக்குத்தான் தெரியும், வேற எவனுக்கும் தெரியாது. அதுவும் இருக்குது.

மனுசனுக்குப் பொறுமை வேணும்னு இருந்தேன். டீக்கடைக்குப் போறேன், அதுக்குள்ள அங்க பேச்சு வந்திடுச்சு. ஒருத்தன் கேக்கறான், "ஆசாரி, பாஞ்சாலிக்குப் பொருத்தமான முகமாத்தான் வச்சிருக்கான் உன் தம்பி. அண்ணன் தம்பிக்கெல்லாம் ஒரே பொண்டாட்டிதானே அவளுக்கு?" கடையே சிரிக்குது. நான் டீயைப் பாதியில வச்சுட்டு எழுந்து வந்துட்டேன். நெருப்பில்லாம புகையுமா சார்? நீங்களே சொல்லுங்க.

அன்னையிலேருந்து கவனிக்க ஆரம்பிச்சேன். அதுவரைக்கும் தெரியாதது எல்லாம் தெரிய ஆரம்பிச்சுது. அவனுக்கு மட்டும் மீன்ல நடுத்துண்டு வைக்கறா. அவன் சட்டையில பட்டன் போனா கேக்காமலே தைக்கறா. அவன் அவளைப் பாக்கறப்போ தலை குனியறான், குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்குந்தானே? தலை குனியாத அன்னைக்கு, பாரு எவ்வளவு தைரியம்னு நெனைச்சுக்குவேன். இருபத்தெட்டு வயசாச்சு, ஏன்டா கல்யாணம் வேணாங்கறேன்னா, "உங்க கண்ணு சரியாகட்டும் அண்ணே, அப்புறம் பாக்கலாம்"னு இழுத்தான். தியாகதுருகத்துல ஒரு பொண்ணு பேசி வச்சிருந்தோம். இவதான் பாத்து வச்ச பொண்ணு. அதெல்லாம் ஊரு கண்ணைக் கட்டறதுக்குச் செஞ்சது. நான் தியாகதுருகம் போயி, பையன் சரியில்ல, பொண்ணைக் குடுக்காதீங்கன்னு சொல்லிட்டு வந்தேன். ஒரு பொண்ணு வாழ்க்கை கெடக்கூடாது பாருங்க.

அவ பட்டறைக்கு வரக்கூடாதுன்னுட்டேன். ஏன்னு கேட்டா. வரக்கூடாதுன்னா வரக்கூடாது. அவளுக்குப் புரிஞ்சுபோச்சு. டீக்கடைப் பேச்சு பொம்பளைங்க வழியா அவ காதுக்கும் வந்திருக்கும். ஒரு நாள் சோத்தைப் போட்டுட்டு எதிர்ல உக்காந்தா. "நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு வாயால சொல்லிடுங்க"ன்னா. சொன்னேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவன் முகம் வச்சிருக்கிற லட்சணத்தைச் சொன்னேன். அந்தத் தாடைப் பள்ளம் அவனுக்கு எப்படிடீ தெரியும்னு கேட்டேன்.

அவ அழுவான்னு பாத்தேன். அழல சார். சொல்றா, "மாடத்துல இருக்கிறவளைப் போயிப் பாருங்க. மஞ்சளைத் துடைச்சிட்டுப் பாருங்க"ங்கறா. எப்படி? தப்பு பண்ணினது அவ, நான் போயி சாமி முன்னாடி நிக்கணுமாம்! சத்தியம் பண்ணச் சொல்றான்னு புரிஞ்சுது எனக்கு. நான் எதுக்குடீ பண்ணணும், நீ பண்ணுடீன்னு தட்டை உதைச்சுட்டு எழுந்திரிச்சேன். நேரா பட்டறைக்குப் போனேன்.

தம்பி அம்மனுக்குக் காதோலை கொத்திக்கிட்டு இருந்தான். கேட்டேன். யாரைப் பாத்துடா இந்த முகத்தை வச்சே? "அண்ணே, உங்க முகத்தைத்தாண்ணே வச்சேன். நீங்க சொல்லிக்குடுத்த முகந்தானே"ங்கறான். என் முகமாம் சார்! என் மீசையையா வச்சிருக்கான் அதுல? பொய் சொல்லத் தெரியாதவன் பொய் சொன்னா இப்படித்தான். நான் ரம்பத்தை எடுத்தேன். இந்த முகம் கோயிலுக்குப் போகாதுடான்னு அம்மனைச் சாய்ச்சேன். அவன் குறுக்க விழுந்து அதைக் கட்டிக்கிட்டான். வேணாம்ணே வேணாம்ணேன்னு கத்தறான். அந்தக் கட்டிப்புடிச்ச கோலத்தைப் பாத்தா யாருக்குத்தான் ரத்தம் கொதிக்காது? எத்தனை நாளாடா இந்தக் கை அவளைத் தடவிக்கிட்டு இருக்குதுன்னு கேட்டுட்டேன்.

அவன் விட்டுட்டான். அம்மனை விட்டுட்டு எழுந்திரிச்சான். "அண்ணி எனக்கு அம்மா. இந்தக் கைதானே அண்ணே உங்களுக்குச் சந்தேகம்?" அவ்வளவுதான் பேசினது. கொத்தற கட்டை மேல வலது கையை வச்சான், இடது கையால மரஞ்செதுக்கற வாச்சியை எடுத்தான். நான் ஏதோ மிரட்டறான்னு நெனைச்சேன். ரெண்டு விரல். ஆள்காட்டியும் நடுவிரலும். ஒரே போடு.

நீங்க ஏன் சார் கண்ணை மூடறீங்க? நான் கண்ணால பாத்துக்கிட்டு நின்னவன்.

சத்தம் கேட்டு அவ ஓடியாந்தா. வந்தவ அந்த ரெண்டு விரலையும் மரச்சீவல்லேருந்து பொறுக்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டா. அவன் கையை வயித்தோட சேத்துக் கட்டிக்கிட்டா. ரோட்டுக்கு ஓடி ஒரு டாடா ஏஸை மடக்கி ஏத்திக்கிட்டுப் போயிட்டா. கட்டின புருசன் நான் நின்னுக்கிட்டு இருக்கேன், என்னை ஒரு பார்வை பாக்கல. அதுலேருந்தே தெரியல உங்களுக்கு? இன்னொண்ணு கேக்கறேன், குத்தம் செய்யாதவன் எதுக்கு சார் விரலை வெட்டிக்கணும்? நான் கேட்டேன், இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா தீந்துது. சொன்னான்தான். ஆனா சொல்ற விதம்னு ஒண்ணு இருக்குதுல்ல?

அவங்க போனப்புறம் நான் உக்காந்து நிதானமா முகத்தை அறுத்தேன். காதுக்கு முன்னாடியோட, தாடைக்குக் கீழ வச்சு. நல்ல அத்தி, வெண்ணெய் மாதிரி அறுபட்டுது. கீழ கெடந்த ரத்தத்தையெல்லாம் மரத்தூள் உறிஞ்சிடுச்சு, வாரிப் போட்டேன். கண்ணு தொறக்காத மரம். யாருக்கு என்ன நஷ்டம்? ஊர்க்காரங்கதான், பாவம், அந்த வருசம் வெறும் கரகத்தை வச்சுத் தீ மிதிச்சாங்களாம். தர்மகர்த்தா என் வாசல்ல நின்னு மண்ணைத் தூத்திட்டுப் போனாரு. கெட்ட எண்ணம் இல்லாத மனுசன், துக்கத்துல பண்ணிட்டாரு.

விரல் ஒட்டல. நேரமாச்சு, அழுக்காச்சுன்னு ஏதோ சொன்னாங்களாம். அவன் இப்ப நாமக்கல் பக்கம் ஏதோ கோழிப்பண்ணையில தீவனம் போடறானாம். உளியப் புடிக்கற கை, என்ன பண்றது. தன் வினை தன்னைச் சுடும். நான் போய்ப் பாக்கல. ஒரு தடவை ராசிபுரம் வரைக்கும் ஒரு வேலையாப் போனேன், பஸ்ஸை விட்டு இறங்கி கொஞ்ச நேரம் நின்னுட்டு, அப்படியே திரும்பி வந்துட்டேன். தூக்கம்தான் சரியா வரமாட்டேங்குது. மத்தபடி எனக்கு ஒண்ணுமில்ல. பட்டறை பூட்டிக் கெடக்குது. முகம் வைக்கலாம்னு ஒரு கட்டையை எடுத்தேன், வரல. எப்படி வச்சாலும் பழையபடி ஆம்பளை மாதிரி முறைக்குது. கண்ணு ஆபரேசன் பண்ணினது கைக்கு ஒத்துக்கல போல.

இவ ஆசுபத்திரியிலேருந்தே அம்மா வீட்டுக்குப் போயிட்டா. இப்ப அவ அண்ணன் மூலமாச் சொல்லி அனுப்பறா. "அவரு வந்து, நான் நெனைச்சது தப்புன்னு நாலு பேரு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லட்டும். அந்தப் பையன் பேரு சுத்தமாகட்டும். நான் கூடவே வந்துடறேன்." இதான் அவ கேக்கறது. பாத்தீங்களா, இப்பவும் அந்தப் பையன் பேருதான் அவளுக்கு முக்கியம். நான் என்ன முடிவு பண்ணியிருக்கேன்னா, இன்னைக்கு அந்தச் சபையில இந்த முகத்தை எடுத்து நடுவுல வைக்கப் போறேன். வச்சுட்டு, மாடத்துக் காமாட்சியையும் எடுத்து வைக்கப் போறேன். இதுமேல கை வச்சு, இந்தப் பய உன்னைப் பாத்து இதைச் செதுக்கலன்னு சத்தியம் பண்ணுடீன்னு கேக்கப் போறேன். பண்ண மாட்டா. அவ பொய்ச்சத்தியம் பண்றவ இல்ல, அது எனக்குத் தெரியும். அத்தோட தீந்துது. அவங்க அண்ணனுங்களே அவளை வீட்டுல வைக்க மாட்டாங்க, தலை முழுகிடுவாங்க. அவனும் இனிமே இந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது.

இப்ப கரும்பாலை வாசனை அடிக்குதுங்களா? மூங்கில்துறைப்பட்டு வந்தாச்சு. இன்னும் கொஞ்ச தூரந்தான்.

நீங்க நம்பற மாதிரி தெரியல. முகத்துலயே தெரியுது. இருங்க, காட்டறேன். படிச்சவர் மாதிரி இருக்கீங்க, நீங்களே பாத்துச் சொல்லுங்க. இதைப் புடிங்க, பயப்படாதீங்க, மரந்தான். ஆங், இதான் அவன் வச்ச முகம். வேதவல்லியை நீங்க பாத்ததில்ல, அதனால என்ன, இது அவதான். இந்த உதட்டைப் பாருங்க. இந்தக் குழியைப் பாருங்க. தாடையைத் தடவிப் பாருங்க.

இப்ப இதைப் பாருங்க. இது என் காமாட்சி. விடியக்காலம் கரண்ட் இல்ல, இருட்டுலயே ஈரத்துணியால மஞ்சளையெல்லாம் துடைச்சுத் துணியில சுத்தி எடுத்தாந்தேன். சத்தியத்துக்கு வைக்கிற சாமி சுத்தபத்தமா இருக்கணுமில்ல. பாத்தீங்களா, இது தொழில். பொம்பளை மூஞ்சியப் பாக்காம, சாமியை நெனைச்சுச் செய்யறது இதுதான். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

என்ன?

எங்க? கன்னத்துலயா, இந்தக் குழியா? அது கணு சார். இடது பக்கமாப் பாத்துக் கணு விழுந்திருக்குது. அத்தியில கணு வரும். தொழில்காரன் நான் சொல்றேன், கேளுங்க. உதடா? உதடு... அது அந்தக் காலத்து உளி. புருவம் சும்மா வெளிச்சத்துக்கு அப்படித் தெரியும். குடுங்க இப்படி. கணுன்னா விரல் வச்சா மேடு தட்டும், இறுகலா இருக்கும். கண்ணை மூடிட்டுத் தடவினா தெரிஞ்சிடும். இருங்க.

...

ம்.

...

அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு வாங்க சார். ஒண்ணுமில்ல. ஆபரேசன் பண்ணின கண்ணு, காத்துப் பட்டா தண்ணி வடியும்.

தோ, பிரிவு ரோடு வந்துட்டுது. அந்த மரத்தடியில நிக்கறாங்க பாருங்க, வெள்ளைச் சட்டை, அவ அண்ணன். பக்கத்துல பச்சைப் பொடவை. அவதான். பஸ்ஸுக்கே வந்து நிக்கறா. எளைச்சுட்டா. ஏதோ சொல்ல வாயெடுக்கற மாதிரியே நிக்கறா பாருங்க, எப்பவும் அப்படித்தான் அவ.

கண்டக்டர், இங்க ஆளு இறங்கணும்! இருப்பா, எழுந்திருக்க விடு.

சார், ஒரு உதவி. பை கனமா இருக்குது. ரெண்டையும் தூக்கிட்டு நடக்க முடியாது, வயசாச்சு. இந்த முகம் மட்டும் இருந்தா எனக்குப் போதும். சத்தியத்துக்குக் கற்பூரத்தை ஏத்திக்கிட்டா ஆச்சு, அதுக்கு எதுக்குச் செலை? இந்தக் காமாட்சியை நீங்க வச்சுக்கங்க. இல்லல்ல, காசெல்லாம் வேணாம், சும்மா வச்சுக்கங்க. அப்படிப் பாக்காதீங்க சார், சாமிதானே. ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டாதீங்க, துணியைச் சுத்திடுங்க. நல்லாச் சுத்துங்க.

வரேன். உங்க வீட்டம்மாகிட்ட குடுத்துப் பூ வைக்கச் சொல்லுங்க. இதுக்குப் பூ வைக்க அவங்க கூச்சப்பட மாட்டாங்க.